மச்சாண்டாருக்குப் படித்துக் காட்டிய பத்திரிகை

எனக்குக் கல்யாணமாகி நான்கு வருஷம் ஆகியும் என் கணவரின் அண்ணன் என்னிடம் ஒரு வார்த்தை பேசியது கிடையாது. சண்டை ஒன்றுமில்லை. அவர் எனக்கு மச்சாண்டார், அவ்வளவுதான். தம்பி பெண்டாட்டி மச்சாண்டார் முன்னால் நிற்கக் கூடாது, நேருக்கு நேர் பேசக் கூடாது என்பது எடப்பாடிக்குப் பக்கத்தில் நாங்கள் இருந்த ஊரில் எல்லா வீட்டு வழக்கமும். அவர் முற்றத்துக்குள் வந்தால் நான் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். நான் கிணற்றடியில் இருந்தால் அவர் தொண்டையைக் கனைத்துவிட்டு வருவார். ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு இப்படிக் கண்ணாமூச்சி ஆடுவது, சேலத்தில் வளர்ந்த எனக்கு ஆரம்பத்தில் சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகு பழகிவிட்டது.

அண்ணனும் தம்பியும் வண்டிச் சக்கரம் செய்கிறவர்கள். வீட்டை ஒட்டியே பட்டறை. கருவேலங்கட்டையில் சக்கரத்தின் நடுக் குடத்தைக் கடைந்து, அதில் ஆரக்கால் அடித்து, சுற்றிலும் வட்டை பூட்டி, அதன்மேல் இரும்புப் பட்டாவைப் பழுக்கக் காய்ச்சி மாட்டி அனுப்பினால், ஓமலூர் வரைக்கும் அந்தச் சக்கரத்துக்குப் பேர் உண்டு. மச்சாண்டாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. என் கணவர் தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பார். நான் சேலத்தில் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்து, இங்கிலீஷும் வாசிக்கக் கற்றுக்கொண்டு, இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். இங்கே அச்சடித்த காகிதம் என்றால் ஒரு பஞ்சாங்கம். அதை மூன்று முறை படித்துவிட்டேன். மளிகைச் சாமான் கட்டி வரும் காகிதத்தைப் பிரித்து, புளிக் கறையோடு பாதிச் செய்தியைப் படித்துவிட்டு, மீதிப் பாதி என்ன ஆயிற்றோ என்று நாள் முழுவதும் தவித்துக்கொண்டிருப்பேன். யாரிடம் போய் இதைச் சொல்வது? சோற்றுக்கும் துணிக்கும் குறைவில்லாத பெண், படிக்க ஒன்றுமில்லை என்று அழுதால் சிரிக்கத்தான் சிரிப்பார்கள்.

மேட்டூரில் அணை கட்டி முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம் அது. அங்கே குடியிருந்த ஒரு வெள்ளைக்கார இன்ஜினீயருக்கு இவர்கள் இருவரும் ஒரு துணி அலமாரி செய்து கொடுத்தார்கள். இழுப்பறையை இழுத்து இழுத்து மூடிப் பார்த்துச் சந்தோஷப்பட்ட அந்த மனிதர், இப்பேர்ப்பட்ட கை உள்ளவர்கள் மாதாமாதம் ஒரு மரவேலைப் பத்திரிகை பார்க்க வேண்டும் என்று தமக்குத் தெரிந்த தமிழில் சொல்லியிருக்கிறார். தம்மிடம் இருந்த மூன்று தினுசுப் பத்திரிகைகளில் ஒவ்வொன்றிலும் கடைசியாக வந்த இதழைக் கொடுத்து, "மூன்றும் பாருங்கள். ஒன்று சொல்லுங்கள். வியாழக்கிழமை நான் மதராஸுக்கு எழுதும்போது உங்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன்" என்றாராம். என் கணவர் மூன்றையும் துண்டில் சுற்றிக்கொண்டு திங்கட்கிழமை மத்தியானம் வந்து இறங்கினார். மூன்றும் இங்கிலீஷ். ஒன்றுக்குத்தான் சந்தா. எது என்று சொல்லக்கூடியவள் வீட்டில் நான் ஒருத்திதான்.

நான்கு வருஷத்தில் முதல் தடவையாக எனக்கு ஒரு மவுசு வந்தது.

அண்ணனும் தம்பியும் பட்டறைக்குப் போனதும் மூன்றையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அடுப்பில் பருப்பு தீய்ந்ததுகூடத் தெரியவில்லை. முதலாவது அமெரிக்காவிலிருந்து வந்தது. பளபளவென்ற காகிதம், பக்கத்துக்குப் பக்கம் இயந்திரம். இரண்டாவது இங்கிலாந்துத் தொழில்காரர்களுக்கானது. தடியாக, சின்ன எழுத்தில், மாடிப்படியும் ஜன்னலும் கூரையுமாக இருந்தது. மூன்றாவது ஒல்லியான பத்திரிகை, பொழுதுபோக்குக்கு மரவேலை செய்கிற ஆட்களுக்கானது. மெல்லிய பலகையை நூல் மாதிரி ரம்பத்தால் அறுத்துப் பூவும் பொம்மையும் செய்வது எப்படி என்று போட்டிருந்தது. வண்டிச் சக்கரம் செய்கிறவர்களுக்கும் அதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

ஆனால் அந்த ஒல்லிப் பத்திரிகையின் பின்பாதி முழுக்கக் கடிதங்கள். தபால்காரர் ஒருவர், மகளுக்குச் செய்த கட்டிலின் கால் ஒன்று குட்டையாகப் போன கதையை எழுதியிருந்தார். ஒரு கிழவர் பக்கத்து வீட்டு நாயோடு தமக்குள்ள பகையை எழுதியிருந்தார். புருஷன் செத்த பிறகு அவருடைய மரம் சீவும் இழைப்புளியைக் கையில் எடுத்த ஒரு பெண் எழுதியிருந்தாள். படித்தேன், மறுபடியும் படித்தேன். பாதியில் கிழிந்துபோகாத காகிதம். அடுத்த மாதமும் வரும், அதற்கடுத்த மாதமும் வரும். எனக்கு இந்தப் பத்திரிகைதான் வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். பேய் பிடித்த மாதிரி ஆசை.

மறுநாள் வேலை நேரத்திலேயே படித்துக் காட்டும் ஏற்பாடு நடந்தது. மச்சாண்டார் பட்டறையில் உட்கார்ந்து ஆரக்கால் செதுக்கிக்கொண்டிருப்பார். பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்த கதவுக்குப் பின்னால் நான். வாசற்படியில் என் கணவர். நான் மெல்லிய குரலில் தமிழில் சொல்வதை அவர் சத்தமாக அண்ணனுக்குச் சொல்வார். அண்ணன் கேட்பது எனக்கு நன்றாகவே காதில் விழும். ஆனாலும் என் கணவர் கதவுப் பக்கம் திரும்பி, அதை ஒரு தடவை எனக்குச் சொல்வார். மூன்று முழம் தூரத்துக்கு ஒரு தபால் ஆபீஸ்.

அமெரிக்கப் பத்திரிகையின்மேல் என் கணவருக்கு உயிர். மச்சாண்டார் படத்தை வாங்கிப் பார்த்தார்.

"ஏன் தம்பி, எல்லாரும் நின்னுக்கிட்டே வேலை செய்யறானுங்க. காலு எதுக்கு வெச்சிருக்கறானுங்க?"

எங்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கட்டையைக் கால் விரலால் பிடித்துக்கொண்டுதான் இழைப்பார்கள். அவருக்குக் கால்தான் பாதிக் கருவி. என் கணவர் கதவுப் பக்கம் திரும்பினார்.

"காலு எதுக்குன்னு அண்ணன் கேக்கறாரு."

"நிக்கறதுக்குத்தானுங்க" என்றேன்.

"நிக்கறதுக்காமாங்ணா."

"சரி, இந்த ரம்பத்தைச் சுத்தறது ஆரு?"

"கரண்டுங்ணா. மேட்டூருல வந்துருச்சுல்ல?"

"நம்மூருக்கு எப்ப வருதுன்னு அதுல போட்டிருக்குதா கேளு."

போடவில்லை என்று நான் சொன்னேன். அந்தப் பத்திரிகையின் கதை அதோடு முடிந்தது. என் கணவர் முகம் தொங்கிவிட்டது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

அடுத்து தடிப் பத்திரிகை. மச்சாண்டார் அதைக் கையில் வாங்கி எடை பார்த்து, "இது கெட்டியா இருக்குது" என்றார். எனக்குத் திக்கென்றது. நான் வேண்டுமென்றே சுரத்தில்லாமல் படித்தேன். கூரைக்கு எத்தனை பாகை சாய்வு, ஓதம் ஏறாமல் இருக்கச் சுவரில் என்ன அடைப்பது என்று இழுத்தேன். கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில், படம் எதுவும் இல்லாமல், ஒரு கட்டத்துக்குள் நாலு வரி இருந்தது. வரும் இதழிலிருந்து பன்னிரண்டு மாதங்களுக்கு வண்டிச் சக்கரம் செய்வதைப் பற்றித் தொடர் கட்டுரை வரும், குடத்திலிருந்து இரும்புப் பட்டா வரைக்கும் அளவுகளோடு படம் போடப்படும் என்று இருந்தது.

இதை நான் முதல் நாள் பார்க்கவில்லை. படித்த நாக்கு அப்படியே நின்றது. இதைச் சொன்னால் என் ஒல்லிப் பத்திரிகை போயிற்று. இந்த வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவள் நான் ஒருத்தி. சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்?

"அதுல என்ன எழுதியிருக்குது?" என்றார் என் கணவர்.

"ஆணி விளம்பரமுங்க" என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டிவிட்டேன்.

புதன்கிழமை ஒல்லிப் பத்திரிகையின் முறை. நான் அதை வேறு குரலில் படித்தேன். அப்படியும் ஆரம்பமே கோளாறாகப் போயிற்று. முதல் படமே, மரத்தில் தொங்கவிடுகிற குருவிக் கூண்டு. கூண்டுகூட இல்லை, ஓடு வேய்ந்த மாதிரிக் கூரையும் வட்டமான வாசலுமாக ஒரு வீடு.

"குருவிக்கு ஊடா?" என்றார் மச்சாண்டார். "நம்மூட்டுக் கூரையில பத்துக் குருவி இருக்குது, நாம கட்டியா குடுத்தோம்? தொரத்தினாலும் போவ மாட்டீங்குது."

என் கணவர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். நான் அவசரமாகப் பின்பக்கத்துக்குத் தாவினேன். இதில் கேள்வி பதில் என்று ஒரு பகுதி இருக்கிறது, மரவேலையில் என்ன சந்தேகம் வந்தாலும் நாம் கடிதம் எழுதிக் கேட்கலாம், அவர்கள் பதில் அச்சடித்துப் போடுவார்கள் என்று சொன்னேன். உண்மைதான் அது. பட்டறையில் உளிச் சத்தம் நின்றது.

"நாம கேட்டாலுமா?"

"ஆரு கேட்டாலுமாமுங்ணா."

மச்சாண்டார், "அப்ப இதையே சொல்லிப்போடு" என்றார். அன்றைக்குக் களி கிண்டும்போது நான் பாட்டுப் பாடினேன் என்று என் ஓரகத்தி, அதாவது மச்சாண்டாரின் மனைவி, ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார். அவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன்.

வியாழக்கிழமை காலையில் மூன்று பத்திரிகைகளையும் பையில் போட்டுக்கொண்டு என் கணவர் மேட்டூர் பஸ்ஸுக்குக் கிளம்பினார். அக்கா தண்ணீருக்குப் போயிருந்தார். நான் கதவுக்கு இந்தப் பக்கம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். பட்டறையில் மச்சாண்டார் தனியாக இருந்தார். வாசற்படியருகே செவலைக் கன்றுக்குட்டி கட்டியிருந்தது.

நடுவில் ஆள் இல்லாத சமயத்தில் அவசரமாக ஏதாவது சொல்ல வேண்டி வந்தால் அதற்கும் ஒரு வழி உண்டு. தூணிடமோ மாட்டிடமோ சொல்வது போலச் சொல்லலாம். நாலு வருஷத்தில் ஒன்றிரண்டு தடவை, வெயிலில் காய்கிற மிளகாயை அள்ளச் சொல்ல அப்படி நடந்திருக்கிறது. அன்றைக்கு மச்சாண்டார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கன்றுக்குட்டியிடம் ஆரம்பித்தார்.

"கன்னுக்குட்டி, அம்மிணிகிட்டச் சொல்லு. பொஸ்தவம் வரட்டும், ஒரு கேள்வி எழுதோணும். சித்திரை வெயில்ல சக்கரம் ஆடிப்போவுது. கட்டையை ரெண்டு வருசம் காயவெச்சுப் பாத்தாச்சு. எங்கப்பன் செஞ்சதும் ஆடுச்சு, நாஞ் செய்யறதும் ஆடுது. அங்க செய்யறவங்களுதும் ஆடுதான்னு கேக்கோணும்."

கன்று வாலை ஆட்டியது. அவர் நிறுத்துவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை.

"போன சித்திரையில நாஞ் செஞ்ச சக்கரம், எறக்கத்துல ஆரக்கால் கழண்டுபோயி வண்டி சாஞ்சுருச்சு. ஓட்டினவனுக்கு ஒரு காலு போச்சு. அவன் என்னைய ஒரு வார்த்தை சொல்லலை. கோடைக்கு எல்லாச் சக்கரமும் ஆடும்னு சொல்லிட்டான். எனக்குத்தான் மனசு ஆறலை. அம்மிணி இதையெல்லாம் நல்லபடியா எழுதிக் குடுக்கும்னு நம்பிக்கை இருக்குது."

முறத்தைக் கீழே வைத்துவிட்டேன். பன்னிரண்டு மாதம், குடத்திலிருந்து பட்டா வரைக்கும், அளவுகளோடு படம். நான் ஆணி விளம்பரம் என்று சொல்லிப் புரட்டிய பக்கம். என்னைப் போல் ஒரு கேடுகெட்டவள் உண்டா என்று இருந்தது. நாயோடு சண்டை போடும் கிழவருக்காக இந்த மனிதரை ஏமாற்றிவிட்டேன்.

"கன்னுக்குட்டி" என்றேன். "மச்சாண்டாருகிட்டச் சொல்லு. தடிப் பொஸ்தவத்துல வர்ற மாசத்திலிருந்து ஒரு வருசத்துக்குச் சக்கரத்தைப் பத்தித்தான் எழுதப் போறாங்க. படமெல்லாம் போடறாங்க. நான் வேணும்னே அதைப் படிக்காம உட்டுட்டேன். ஒல்லிப் பொஸ்தவம் எனக்கு வேணும்னு ஆசைப்பட்டு அப்படிச் செஞ்சுட்டேன்."

அந்தப் பக்கம் காலடிச் சத்தம் கேட்டது. நடக்கிற சத்தம் அல்ல, ஓடுகிற சத்தம். எட்டிப் பார்த்தேன். நாற்பத்தைந்து வயது மனிதர், ஊரில் கண்டால் நாலு பேர் எழுந்து நிற்கிற மனிதர், கையில் உளி அடிக்கிற கொட்டாப்புளியோடு தெருவில் ஓடிக்கொண்டிருந்தார்.

என்னைச் சேலத்துக்கு அனுப்பிவைக்கத்தான் தம்பியைக் கூப்பிட ஓடுகிறார் என்று நினைத்தேன். டிரங்குப் பெட்டியை இப்போதே எடுத்து வைக்கலாமா, அவர்கள் சொன்ன பிறகு எடுக்கலாமா என்று ஒரு யோசனை. அதற்குள் அக்கா தண்ணீர்க் குடத்தோடு வந்தார்.

"ஏனம்மிணி, உங்க மச்சாண்டாரு ஓடறாரு? ஆருக்கு என்னாச்சுன்னு வழியெல்லாம் என்னையக் கேக்கறாங்க."

எனக்கு அழுகைதான் வந்தது. அக்கா என்னையும் கன்றுக்குட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் குடத்தை இறக்கக்கூட மறந்து நின்றார்.

பஸ் நகர்ந்துவிட்டிருந்ததாம். நடுரோட்டில் கொட்டாப்புளியைத் தூக்கிக்கொண்டு நின்றவரைப் பார்த்து, அடிக்கத்தான் வருகிறார் என்று டிரைவர் பிரேக் போட்டதாகப் பிறகு என் கணவர் சொன்னார். மச்சாண்டார் ஜன்னல் வழியாகத் தம்பியிடம் ஏதோ சொல்லிவிட்டு, பைக்குள் கைவிட்டு ஒன்றை உருவிக்கொண்டு திரும்பிவிட்டார். பஸ் முழுக்க என்ன ஏது என்று மேட்டூர் போய்ச் சேரும்வரை என் கணவரைக் குடைந்தெடுத்ததாம்.

மச்சாண்டார் மூச்சு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது நான் வழக்கம் போலக் கதவுக்குப் பின்னால் போனேன். அவர் கதவருகே வந்து நின்றார். தொண்டையைக் கனைக்கவில்லை. கன்றுக்குட்டியைப் பார்க்கவும் இல்லை.

"அம்மிணி, வெளிய வா."

வந்தேன். தலை நிமிரவில்லை.

"தடிப் பொஸ்தவத்தையே சொல்லச் சொல்லிட்டேன்."

"சரிங்க."

"நீ செஞ்சது தப்பு."

"ஆமாங்க."

"நடுவுல கதவையும் ஆளையும் வெச்சு நாங்க படிக்கச் சொன்னதும் தப்பு. மொகத்தைப் பாத்துக்கிட்டு இருந்தா நீ அந்தப் பக்கத்தைத் தாண்டியிருக்க மாட்டே. இனிமேப்பட்டு பட்டறையில எனக்கு நேரா ஒக்காந்து படி. விளம்பரமா இருந்தாலும் உடப்படாது."

அக்கா இடுப்புக் குடத்தோடு அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டார். மச்சாண்டார் அக்குளில் இடுக்கியிருந்ததை எடுத்து நீட்டினார். ஒல்லிப் பத்திரிகை.

"தொரைகிட்ட அப்பறம் சொல்லிக்கலாம். இதுல அப்படி என்னத்தைக் கண்டே?"

"ஆளுங்க எழுதின கடுதாசி இருக்குதுங்க" என்றேன். பிறகு என்னை மீறி வந்துவிட்டது. "படிக்கறதுக்கு இந்த ஊட்டுல எனக்கு ஒன்னுமே இல்லீங்க."

அவர் சிரிக்கவில்லை. பட்டறைக்குப் போய்த் தம் இடத்தில் உட்கார்ந்து, எதிரே இருந்த கட்டையைக் காட்டினார். "ஒரு கடுதாசி படி, கேக்கறேன்" என்றார்.

இழைப்புளி எடுத்த பெண்ணின் கடிதத்தைப் படித்தேன். புருஷனுடைய இழைப்புளியின் பிடி தன் கைக்குப் பெரிதாக இருக்கிறது, உள்ளங்கை கொப்பளித்துப்போகிறது, அவர் தொட்ட பொருளை விடவும் மனசில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தாள். கையுறை போட்டுக்கொள்ளும்படி பதில் அச்சாகியிருந்தது.

மச்சாண்டாருக்கு வந்ததே கோபம். "கைக்கு ஒறை போடச் சொல்றானா? புடியை அல்லவா மாத்தோணும். பழைய புடியைக் கழட்டிப் பத்திரமா வெச்சுக்கிட்டு, அவங்க கைக்கு அளவெடுத்துப் புதுசு பூட்டினாத் தீந்துபோச்சு. இவங்கிட்டயா நான் சக்கரத்தைக் கேக்கப் போனேன்?" உளியைக் கீழே வைத்தார். "அந்தம்மா பாவம் இன்னும் கொப்பளத்தோட இருக்கும். காயிதம் எடு, எழுது."

எழுத எங்கள் வீட்டில் காகிதமும் இல்லை. அக்கா குடத்தை ஒருவழியாக இறக்கிவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போய்க் கணக்கு நோட்டிலிருந்து இரண்டு தாள் வாங்கி வந்தார். நான் மடியில் பலகையை வைத்துக்கொண்டு தயாரானேன். மச்சாண்டார் நிமிர்ந்து உட்கார்ந்து, கடிதம் தொடங்குகிற முறைப்படியே தொடங்கினார்.

"இங்கு நம்மூட்டுல எல்லாரும் சௌக்கியம், அப்படின்னு மொதல்ல போடு."

இங்கிலீஷில் யாரும் அப்படித் தொடங்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். சொல்லாமல் எழுதப் போனேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். நாலு வருஷத்தில் முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"சித்தெ இரு. நீ சௌக்கியந்தானா, அம்மிணி? இல்லாததை எழுதப்படாது."

எனக்குக் கண் நிறைந்து தாள் தெரியவில்லை. அவர் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்.

"சௌக்கியந்தானுங்க" என்று சொல்லிவிட்டு எழுதினேன்.